பெட்டியில் வந்த தபால்தலையைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். தானமாக வந்த தபால்தலைக்கு அந்தப் பழமொழி செல்லாது. கீழக்கரையில் என் காகிதக் கடைக்கு மாதத்துக்கு இரண்டு மூன்று பேராவது ஒரு தகரப் பெட்டியோடு வந்துவிடுகிறார்கள். கொழும்பில் கடை வைத்திருந்த பாட்டனார், ரங்கூனில் கணக்கெழுதிய பெரியப்பா, பினாங்கிலிருந்து பணம் அனுப்பிய மாமா என்று யாரோ ஒருவரின் கடிதக்கட்டு அதில் இருக்கும். பெட்டியைத் திறந்ததும் வரும் முதல் கேள்வி, "காக்கா, இது எவ்வளவுக்குப் போகும்?" (காக்கா என்றால் எங்கள் ஊரில் அண்ணன்.) நான் திருப்பிக் கேட்பது, "பல் எத்தனை?" அதன்பிறகு வழக்கமாக நடக்கும் கேள்வி பதில்களைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

பல் என்று எதைச் சொல்கிறீர்கள்?

தபால்தலையின் ஓரத்தில் வளைந்து வளைந்து இருக்கிறதே, அதைத்தான். அச்சடித்த தாளில் தலைகளுக்கு நடுவே வரிசையாகத் துளை போடுவார்கள். கிழிக்கும்போது ஒவ்வொரு துளையிலும் பாதி இந்தத் தலைக்கும் பாதி பக்கத்துத் தலைக்கும் போய்விடும். இரண்டு அரைத் துளைகளுக்கு நடுவில் துருத்திக்கொண்டு நிற்பது பல். இந்தத் துளைகளுக்குப் பெர்ஃபொரேஷன் என்று பெயர். சேகரிப்பவர்கள் 'பெர்ஃப்' என்று சுருக்கிவிடுவார்கள்.

1840-இல் பிரிட்டனில் வந்த உலகின் முதல் தபால்தலைக்குப் பல் கிடையாது. அஞ்சலகத்தில் கத்தரிக்கோலால் வெட்டிக் கொடுத்தார்கள். ஹென்றி ஆர்ச்சர் என்ற அயர்லாந்துக்காரர் துளை போடும் இயந்திரத்தோடு பல ஆண்டு மல்லுக்கட்டிய பிறகு, 1854-இல்தான் அங்கே பல் வைத்த தலைகள் வழக்கத்துக்கு வந்தன. அதே 1854-இல் கல்கத்தாவில் அச்சான நம் அரை அணா நீலத் தலைக்குப் பல் இல்லை. மறு ஆண்டு லண்டனில் டி லா ரூ நிறுவனம் இந்தியாவுக்காக அச்சிடத் தொடங்கியதும் நமக்கும் பல் முளைத்தது.

'பெர்ஃப் 14' என்றால் ஓரத்தில் 14 பல் இருக்குமா?

இல்லை. எல்லோரும் சறுக்கும் இடம் இது. ஒரு பக்கத்தில் மொத்தம் எத்தனை பல் என்பது கணக்கே இல்லை. 2 செ.மீ. நீளத்துக்குள் எத்தனை துளை என்பதுதான் அளவு. 1866-இல் பாரிஸைச் சேர்ந்த லெக்ரான் என்ற மருத்துவர் வகுத்த முறை இது. இன்றும் உலகம் முழுவதும் இதுவே வழக்கம். பெரிய தலையானாலும் சின்னத் தலையானாலும் துளைகளின் நெருக்கம் ஒன்றாக இருந்தால் அளவும் ஒன்றுதான்.

'14×13½' என்று எழுதியிருந்தால் முதல் எண் மேல் கீழ் ஓரங்களுக்கு, இரண்டாவது எண் இடது வலது ஓரங்களுக்கு. மாற்றிப் படித்தால் வேறொரு தலையின் வரலாற்றைப் படித்துக்கொண்டிருப்பீர்கள்.

ஒரே படம், ஒரே நிறம், ஒரே விலை. பிறகு ஏன் பல் மட்டும் மாறுகிறது?

படத்தைச் செதுக்கிய தகடு வருடக்கணக்கில் உழைக்கும். துளை போடும் இயந்திரம் அப்படியில்லை. ஊசிகள் மழுங்கும், உடையும், வேறு இயந்திரம் வரும். சில நேரம் அச்சகமே மாறும். படம் அப்படியே இருக்க, பல் மட்டும் காலத்தைக் காட்டிக்கொடுக்கும்.

நம் கடற்கரைக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது: இலங்கையில் 1938 முதல் வந்த ஆறாம் ஜார்ஜ் மன்னர் வரிசை. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடிய காலத்துப் பெட்டி எதைத் திறந்தாலும் இது இரண்டு மூன்றாவது இருக்கும். அதில் ரப்பர் மரத்தில் பால் எடுக்கும் படம் போட்ட 2 சென்ட் தலையை எடுத்துக்கொள்ளுங்கள். 11½×13, 13½×13, 13½, 11×11½, 12 என்று ஐந்து விதமான பல்லோடு அது வந்திருக்கிறது. 12 அளவுள்ளது 1949-இல் வந்தது. கண்ணுக்கு ஐந்தும் ஒன்றுதான். ஐந்தில் சில தெருவுக்குத் தெரு கிடைக்கும், சிலவற்றைத் தேடி அலைய வேண்டும். சிவனொளிபாத மலை போட்ட 3 சென்ட் தலையின் கதையும் ஏறக்குறைய இதேதான்.

போரும் பல்லை மாற்றியிருக்கிறது. 1940 டிசம்பர் கடைசியில் லண்டன் மீது விழுந்த ஜெர்மன் குண்டுகளில் டி லா ரூ அச்சகமும் சிக்கியது. அவர்களிடம் இருந்த குடியேற்ற நாட்டு வேலைகள் சில வேறு அச்சகங்களின் இயந்திரங்களுக்குப் போயின. அந்த ஆண்டுகளில் ஒரே தலைக்குத் திடீரென்று வேறு அளவில் பல் வந்தால் பல இடங்களில் காரணம் இதுதான். தாள் கிழிபடும் ஓரத்தில் ஒரு குண்டுவீச்சு பதிந்திருக்கிறது என்று நினைத்துப் பார்ப்பது எனக்கு இன்றும் வியப்பு.

அமெரிக்கத் தலை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி: 1908 முதல் 1922 வரை ஓடிய வாஷிங்டன், பிராங்க்ளின் உருவம் போட்ட வரிசையைப் பல்லை அளக்காமல் வகைப்படுத்தவே முடியாது. 12, 10, 11 என்று காலத்துக்கு ஏற்ப மாறிக்கொண்டே போகும்.

இதற்கென்று தனி அளவுகோல் வாங்க வேண்டுமா?

வாங்கினால் நல்லது. கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கில் சாய்வுக் கோடுகள் போட்ட வகை வசதியானது. தலையை அதன்மேல் மேலும் கீழும் நகர்த்தி, ஒவ்வொரு கோடும் ஒவ்வொரு துளையின் நடுவில் வந்து நிற்கும் இடத்தில் எண்ணைப் படிக்கலாம். தலையை உறையிலிருந்து எடுக்காமலேயே, அளவுகோலை அதன்மேல் வைத்தும் அளக்கலாம்.

கையில் இல்லையென்றால் பள்ளிக்கூட ஸ்கேலும் ஒரு பூதக்கண்ணாடியும் போதும். ஒரு துளையின் நடுவிலிருந்து தொடங்கி, அதற்கடுத்த பத்தாவது துளையின் நடுவரை எத்தனை மில்லிமீட்டர் என்று பாருங்கள். 200-ஐ அந்த எண்ணால் வகுத்தால் வருவது துளை அளவு. 14.3 மி.மீ. வந்தால் 14. 14.8 வந்தால் 13½. 15.4 வந்தால் 13. 16.7 வந்தால் 12. 17.4 வந்தால் 11½. இந்த ஐந்து எண்களையும் ஒரு சீட்டில் எழுதி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். பாதி நாள் அதுவே போதுமானதாக இருக்கிறது. 2 செ.மீ. கூட இல்லாத சின்னத் தலைக்கும் இந்த வழி கைகொடுக்கும்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: ஜெராக்ஸ் எடுத்த அளவுகோலை நம்பாதீர்கள். நான் நம்பினேன். ஒரு நண்பரின் அளவுகோலை நகலெடுத்து அட்டையில் ஒட்டி வைத்துக்கொண்டு இரண்டு மாதம் அளந்தேன். 14 வர வேண்டிய விக்டோரியா ராணி தலைகள் எல்லாமே 13½ என்று வந்தன. உலகமே அறியாத ஒரு ரகசியத்தைக் கண்டுபிடித்துவிட்டதாக நோட்டுப் புத்தகத்தில் சிவப்பு மையால் எழுதினேன். பிறகுதான் அந்த நகலின்மேல் ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். 2 செ.மீ. கோடு 19 மி.மீ. சொச்சம்தான் இருந்தது. இயந்திரம் தாளுக்குள் அடக்குவதற்காகப் படத்தைச் சுருக்கியிருக்கிறது. சிவப்பு மைப் பக்கத்தை இன்னும் கிழிக்கவில்லை, திமிர் வரும்போதெல்லாம் எடுத்துப் பார்ப்பேன். கம்ப்யூட்டரிலிருந்து அச்செடுத்த அளவுகோலுக்கும் இதே எச்சரிக்கை. அச்செடுத்ததும் 2 செ.மீ. கோட்டை முதலில் சரிபாருங்கள்.

அளக்கும்போது கையில் என்னென்ன இருக்க வேண்டும்? எப்படி அளப்பது?

இடுக்கி, கறுப்பு அட்டை, பூதக்கண்ணாடி, பகல் வெளிச்சம். விரலால் தொடவே வேண்டாம். வியர்வை ஊரில் இருக்கிறோம்.

போன வாரம் ஏர்வாடியிலிருந்து வந்த ஒரு தம்பியின் பெட்டியில் நான் மேலே சொன்ன 2 சென்ட் தலையே இரண்டு இருந்தன. ஒன்றைக் கறுப்பு அட்டையில் வைத்தேன். கறுப்பின் மேல் துளைகள் அரைநிலாக்கள்போல வரிசையாகத் தெரியும், வெள்ளைத் தாளில் வைத்தால் பல்லும் தாளும் ஒன்றாகிக் கண் ஏமாறும். இடப்பக்க மூலையில் ஒரு பல் மடங்கியிருந்தது, அதை விட்டுவிட்டு மூன்றாவது துளையிலிருந்து தொடங்கினேன். பத்து இடைவெளிக்கு 14.8 மி.மீ. வந்தது. பக்கவாட்டிலும் அதுவே. ஆகவே 13½. இரண்டாவது தலையை அதன் ஓரத்தோடு ஓரமாக வைத்தபோதே தம்பிக்குப் புரிந்துவிட்டது. முதல் இரண்டு பற்கள் ஒன்றோடு ஒன்று பொருந்தி நின்றன, ஆறாவது பல்லுக்கு வரும்போது ஒன்றின் பல்லுக்கு நேரே மற்றதன் துளை வந்து நின்றது. அளந்தால் 16.7. அது 12. "ரெண்டும் ஒரே ஸ்டாம்பு என்றுதானே நினைத்தேன்" என்றான். இரண்டுக்கும் நடுவில் பத்து வருடம் இருக்கலாம் என்றேன்.

நான்கு பக்கமும் அளக்க வேண்டும். சோம்பேறித்தனத்தில் ஒரு பக்கத்தோடு நிறுத்தினால் 13½-உம் 13½×13-உம் உங்களுக்கு ஒன்றாகிவிடும்.

எனக்கு 13.8 என்று வருகிறது. அப்படி ஒரு அளவே புத்தகத்தில் இல்லையே?

தபால்தலை வகைகளைத் தொகுத்துத் தரும் பட்டியல் நூல்கள் அரை எண்ணுக்கோ கால் எண்ணுக்கோ முழுமையாக்கித்தான் எழுதும். 13.8-ஐ ஒரு நூல் 14 என்னும், இன்னொன்று 13¾ என்னும். எந்த நூலை வைத்துப் பார்க்கிறீர்களோ அதன் முன்னுரையில் எந்த முறை என்று எழுதியிருக்கும். யாரும் படிக்காத பக்கம் அது.

இன்னொரு காரணம் நம் ஊர்க் காற்று. காகிதம் ஈரத்தை உறிஞ்சி நீளும். ஒரு திசையில் கொஞ்சம், குறுக்குத் திசையில் அதிகம். தண்ணீரில் ஊறவைத்துப் பாதி காய்ந்த தலையை அளந்தால் எண் சற்றுக் குறைவாகவே வரும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நான் அளப்பதில்லை. அளந்தே ஆகவேண்டுமென்றால் தலையை ஒரு நாள் உலர்ந்த டப்பாவில் வைத்துவிட்டு அளப்பேன்.

எல்லாத் தலையையும் அளக்க வேண்டுமா?

வேண்டாம், ஆயுள் போய்விடும். டி லா ரூ அச்சிட்ட விக்டோரியா காலத்து இந்தியத் தலைகள் 14-தான். நீரிணைக் குடியேற்றங்கள் (பினாங்கு, சிங்கப்பூர் அடங்கிய ஆங்கிலேயர் ஆட்சிப் பகுதி), மலாயா ஆகியவற்றின் பழைய சாதாரணத் தலைகளும் பெரும்பாலும் 14. அங்கே ரகம் பிரிப்பது பல் அல்ல, வெளிச்சத்தில் பிடித்தால் தாளுக்குள் தெரியும் நீர்க்குறி (வாட்டர்மார்க்). பர்மா 1937 ஏப்ரலில் இந்தியாவிலிருந்து பிரிந்தபோது நம் ஐந்தாம் ஜார்ஜ் தலையின்மேலேயே பர்மா என்று ஆங்கிலத்தில் அடித்து விட்டார்கள். அங்கே பார்க்க வேண்டியது அந்த மேலச்சு அசலா என்பது. இலங்கைப் பெட்டி என்றால் மட்டும் அளவுகோலைக் கீழே வைக்காதீர்கள்.

என் தலைக்குப் பல்லே இல்லை. லட்சக்கணக்கில் போகுமா?

இந்தக் கேள்வியோடு வருபவர்களில் பாதிப் பேரின் கையில் இருப்பது வளைகுடாத் தலை. 1960-களின் நடுவிலிருந்து 1970-களின் தொடக்கம் வரை அஜ்மான், புஜைரா, உம்முல் குவைன் போன்ற அமீரகங்களின் பெயரில் மலைமலையாகத் தபால்தலைகள் வந்தன. பூனை, விண்கலம், ஒலிம்பிக், ஓவியம் என்று எதை வேண்டுமானாலும் போட்டார்கள். ஒரே வரிசையைப் பல்லோடும் பல்லில்லாமலும் சேகரிப்பவர்களுக்காகவே அச்சிட்டார்கள். பல்லில்லாதது அதில் அதிசயமே இல்லை. பேரனுக்குக் கொடுங்கள், சந்தோஷப்படுவான்.

மீதிப் பாதியில் பலவும் யாரோ கத்தரித்தவை. பல்லை வெட்டிவிட்டுப் பல்லில்லாத அரிய வகை என்று விற்பது பழைய தந்திரம். சந்தேகம் வந்தால் அதே தலையின் சாதாரணப் பிரதி ஒன்றை அதன்மேல் வையுங்கள். பல்லில்லாத அசல் தலைக்கு நான்கு பக்கமும் தாராளமான வெள்ளை ஓரம் இருக்கும். கத்தரித்தது பல்லுள்ளதைவிடச் சிறியதாகச் சுருங்கியிருக்கும். பல்லில்லாததை ஜோடியாக வாங்கு என்று மூத்தவர்கள் சொல்வது இதனால்தான். இரண்டு தலை ஒட்டியிருக்க, நடுவில் துளை இல்லையென்றால் அதைக் கத்தரிக்கோல் செய்ய முடியாது.

பல்லையே போலியாக வைப்பார்களாமே?

வைப்பார்கள். தாளின் ஓரத்திலிருந்து வந்து ஒரு பக்கம் நேராக இருக்கும் தலைக்குப் புதுப் பல் கட்டுவதுண்டு. கட்டிய பல்லுக்கு மூன்று அடையாளம் பார்ப்பேன். மற்ற மூன்று பக்கங்களின் பல்நுனி நைந்து நார் நாராக இருக்க, இது மட்டும் கத்தியால் சீவியதுபோல் தட்டையாக இருக்கும். துளையின் விட்டம் மற்ற பக்கத் துளைகளோடு பொருந்தாது. எதிரெதிர் பக்கங்கள் இணையாக ஓடாது.

மூலையையும் பாருங்கள். மூன்று பக்கத்தையும் ஒரே அடியில் துளைக்கும் சீப்பு வகை இயந்திரத்தில் நான்கு மூலைகளும் ஒரே மாதிரி ஒழுங்காக அமையும். ஒவ்வொரு வரியாகத் துளைக்கும் இயந்திரத்தில் குறுக்கும் நெடுக்குமான வரிகள் சந்திக்கும் மூலை தாறுமாறாக இருக்கும். சீப்பில் வந்த தலைக்கு ஒரு மூலை மட்டும் தாறுமாறு என்றால் கை வைத்திருக்கிறார்கள்.

போலித் தலையைப் பல் பிடித்துக்கொடுப்பதற்கு நம் நாட்டு உதாரணம் 1948 ஆகஸ்ட் 15-இல் வந்த காந்தி வரிசை. ஒன்றரை அணா, மூன்றரை அணா, 12 அணா, 10 ரூபாய் என்று நான்கு. இந்தியிலும் உருதுவிலும் 'பாபூ' என்று எழுதியிருக்கும். சுவிட்சர்லாந்தில் கூர்வாசியே அச்சகத்தில் அச்சிட்டது. நான்குக்கும் பல் 11½. அதில் 10 ரூபாய்த் தலைக்குப் போலிகள் தாராளம். 11½ வரவில்லையென்றால் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை. வந்தால்? வந்துவிட்டால் அசல் என்று முடிவு கட்டவும் முடியாது. காகிதம், அச்சு எல்லாம் அறிந்த ஒருவரிடம் காட்டுங்கள். பொய்யை விரட்டப் பல் போதும், மெய்யென்று கையெழுத்துப் போட அது மட்டும் போதாது.

உறையிலிருந்து பிரித்தால்தானே சரியாக அளக்க முடியும்?

தயவுசெய்து பிரிக்காதீர்கள். பல் ஓரம் உறைக்கு வெளியே தெரிந்தால் போதும், அங்கேயே அளக்கலாம். தலைமேல் விழுந்த முத்திரையில் ஊர்ப்பெயரும் தேதியும் இருக்கிறது. மண்டபம் முகாமிலிருந்து எழுதிய கடிதம், 1964 புயலில் போன தனுஷ்கோடியின் முத்திரை விழுந்த உறை, இவற்றைத் தண்ணீரில் போட்டு அதில் ஒட்டியிருக்கும் இரண்டு அணாத் தலையை மட்டும் காப்பாற்றுகிறவரைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. முத்திரைத் தேதி நீங்கள் அளந்த பல்லுக்குச் சாட்சியும் கூட. 1949-இல் வந்த அளவை அளந்துவிட்டு, உறையில் 1941 என்று இருந்தால் எங்கோ தப்பு நடந்திருக்கிறது.

ஏற்கெனவே உறை கிழிந்து துண்டாகக் கிடப்பது என்றால் குளிர்ந்த தண்ணீரில் ஊறவையுங்கள். தானாக விலகும்வரை காத்திருங்கள். வெந்நீர் வேண்டாம். உரிக்க முயன்றால் முதலில் போவது பல்தான்.

கடற்கரையில் இதையெல்லாம் எப்படிப் பாதுகாப்பது?

கடலைப் பார்த்த சுவரில் அலமாரி வைக்காதீர்கள். பசை உள்ள தலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் ஒரே மழையில் செங்கல்லாகிவிடும். காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, மாதம் ஒருமுறை வெயில் நாளில் திறந்து பாருங்கள். பழுப்புப் புள்ளி விழுந்ததை உடனே தனியே எடுத்து வையுங்கள், அது பெரும்பாலும் பூஞ்சை, பக்கத்துத் தலைக்கும் போகலாம். லேமினேஷன் செய்துகொண்டு வந்தவர் ஒருவர் உண்டு. அவரிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை, தேநீர் மட்டும் வரவழைத்தேன். இரும்பு இடுக்கி நம் உப்புக்காற்றில் துருப்பிடித்துத் தலையில் கறை விடும். எவர்சில்வரில் வாங்குங்கள்.

போனில் படம் எடுத்து அனுப்பினால் அளந்து சொல்வீர்களா?

சாய்த்து எடுத்த படத்தில் ஒரு ஓரம் நீண்டும் மறு ஓரம் சுருங்கியும் இருக்கும், அளவு வராது. ஸ்கேனரில் கவிழ்த்து வைத்து, பக்கத்தில் ஒரு ஸ்கேலையும் வைத்து அனுப்பினால் சொல்லலாம். அங்குலத்துக்கு 600 புள்ளி என்று எடுத்தால் 2 செ.மீ. என்பது 472 புள்ளி. அதற்குள் துளைகளை நீங்களே எண்ணலாமே.

முதலில் எதில் பழகுவது?

பாட்டனார் பெட்டியில் வேண்டாம். 2015 அக்டோபர் 15-இல் நம் ராமேசுவரத்துக்காரர் கலாமுக்கு 5 ரூபாய்த் தபால்தலை வெளியிட்டார்கள். தபால்தலை சேர்ப்பவர் யாராவது தெருவில் இருந்தால் அவரிடம் ஒன்று நிச்சயம் இருக்கும். அதை வாங்கி நான்கு பக்கமும் அளந்து ஒரு சீட்டில் எழுதி, ஒரு வாரம் கழித்து அந்தச் சீட்டைப் பார்க்காமல் மறுபடி அளந்து, இரண்டையும் ஒப்பிடுங்கள். எண் எத்தனை என்று நான் சொல்ல மாட்டேன். இரண்டு தடவையும் ஒரே எண் வந்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வாருங்கள். வெள்ளிக்கிழமை மதியம் மட்டும் கடை கிடையாது.